கிராண்ட் ரிஹர்சல்ல வேசம் போட்டவன்

சாதா ரிஹர்சல் வேற, கிராண்ட் ரிஹர்சல் வேறங்க தம்பி. ரண்டும் ஒண்ணுன்னா நீங்க இப்பிடி வெளிய வந்து உக்காந்திருக்க மாட்டீங்க, உள்ள உங்க வீட்டம்மா நடிக்கறதப் பாத்துட்டு இருந்திருப்பீங்க. கதவுல போர்டு பாத்தீங்கல்ல? 'இன்று கிராண்ட் ரிஹர்சல், வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது.' அது ஆளப் பாக்காத போர்டுங்க. ஒரு வாட்டி மில்லு மேனேசரையே இந்த பெஞ்சுல உக்கார வெச்சுருச்சு.

அந்தக் கடைசிக்குப் போகாதீங்க, ஆடும். இப்பிடி வாங்க. டீ சொல்லியிருக்கறன்.

நானா? எனக்கும் அந்த நாடகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. வீட்டுல புழுக்கம். இங்க வேப்பமரத்துக் காத்து வரும். அதுக்காக வந்து உக்காந்திருக்கறன். தெனமும்தான் வர்றன், ரிஹர்சல் இருந்தாலும் இல்லாட்டியும். ரிஹர்சல் இருக்கற நாள்ல காத்து கொஞ்சம் எச்சா வருது, அது என்னமோ.

நீங்க கேட்டதுக்கு வர்றன். இது மில்லுங்க. மூணு ஷிப்ட்டு. ஜமீன்தாரு வேசக்காரன் பகல் ஷிப்ட்டுல இருப்பான், அவனுக்கு மகனா நடிக்கறவன் ஹாப் நைட்டுல இருப்பான். அப்பனும் மகனும் ஒண்ணாச் சேந்து நிக்கறதுக்கு நாளே வாய்க்காது. வராதவனுக்குப் பதிலா எவனாவது லுங்கியோட வந்து நிப்பான். வசனம் மறந்தா ஓரத்துல இருந்து எடுத்துக் குடுப்பாங்க. தப்பாப் போனா நிறுத்தீட்டு மறுக்கா ஆரம்பிப்பாங்க. நடுவுல வடை வரும். வடை வந்தா அன்னைக்கு ரிஹர்சல் முடிஞ்சுதுன்னு அர்த்தம். இது சாதா ரிஹர்சல்.

கிராண்ட் ரிஹர்சல் நாடகத்துக்கு மொத நாள் சாயங்காலம். அன்னைக்கு எல்லாரும் ஷிப்ட்டு மாத்திக்கிட்டு வந்தாகணும். வேசம், மீசை, லைட்டு, படுதா எல்லாம் நாளைக்கு எப்பிடியோ இன்னைக்கும் அப்பிடியே. சனம் மட்டும்தான் இருக்காது. ஆரம்பிச்சா நிறுத்தப்படாது. தடுக்கி விழுந்தா விழுந்த எடத்துல இருந்து எந்திரிச்சு நடிக்கணும். வசனம் மறந்துபோச்சுன்னா முழிக்கலாம், வேர்க்கலாம், ஆனா ஒருத்தரும் எடுத்துக் குடுக்கப்படாது. மறந்தவன் அவனாத் தேடி அவனாக் கண்டுபுடிச்சாத்தான் நாளைக்கு மறக்க மாட்டான்னு தர்மலிங்கம் சார் சொல்வாரு. எங்க ஸ்பின்னிங் மாஸ்டர், நாடகத்துக்கும் அவருதான் டைரக்டர். மத்த நாளெல்லாம் தட்டி மறைவுல நின்னு எடுத்துக் குடுக்கறவன், அவனுக்கு பிராம்டர்னு பேரு, அன்னைக்கு ஒரு நாள் வாயே தொறக்கக் கூடாது.

இங்க ரொம்ப வருசம் பிராம்டர் நான்தானுங்க. இப்ப இல்ல.

எல்லாத்துக்கும் மேல ஒரு ரூல் இருக்குது. கிராண்ட் ரிஹர்சல்ல எவன் வேசம் போட்டானோ அவன்தான் நாடகத்துல வேசம் போடணும். ஏன்னா, ஒரு வருசம் ராசா வேசக்காரன் கிராண்ட் ரிஹர்சலுக்கு வராம மறுநாள் நேரா மேடைக்கு வந்துட்டான். அந்த வாட்டி சிம்மாசனம் அட்டையில செஞ்சது. உக்காரப்படாது, முன்னால நின்னுக்கணும்னு கிராண்ட் ரிஹர்சல்ல எல்லாருக்கும் சொன்னாங்க, ராசாவத் தவிர. ராசா கம்பீரமா நடந்து வந்தாரு, மேல்துண்ட ஒரு ஒதறு ஒதறுனாரு, பொத்துனு உக்காந்தாரு. அப்பறம் ராசாவோட காலு ரண்டு மட்டும்தான் தெரிஞ்சுது. சோக நாடகமுங்க அது. சனம் சிரிச்ச சிரிப்புல அடுத்த ரண்டு சீன் கேக்கவே இல்ல. அன்னைக்கு தர்மலிங்கம் சார் போட்ட ரூலு. இனி பெத்த அப்பனே செத்தாலும் கிராண்ட் ரிஹர்சலுக்கு வராதவனுக்கு வேசம் கெடையாது, வந்து நின்னவனுக்குத்தான் வேசம்னாரு. எல்லாரும் கேட்டாங்க. நானும் கேட்டன்.

அந்த ரூல நம்பித்தானுங்க நான் கெட்டன்.

டீய வாங்கிக்குங்க. சூடு, பாத்து.

குப்புராசுன்னு ஒருத்தன். இப்ப உள்ள ஜமீன்தாரா நிக்கறானே, உங்க வீட்டம்மாவுக்குப் புருசனா... நாடகத்துலதானுங்க. அவனேதான். அவனும் நானும் ஒரே நாள்ல மில்லுல சேந்தவங்க. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. எனக்கு எழுத்து ஏறுச்சு, அவனுக்கு ஏறல. ஆனா ஆளு நல்ல ஒசரம், நெஞ்சு இந்தா அகலம், கொரலு சங்கு ஊதற மாதிரி. எனக்கு ஒடம்பு இப்பிடி, நீங்களே பாக்கறீங்க. அதனால வருசா வருசம் வேசம் அவனுக்கு, வசனம் எனக்கு. கோன் வைண்டிங்ல, நூல் சுத்தற மிசினுக்கு நடுவுல நின்னு ஒவ்வொரு வரியா அவன் காதுக்குள்ள கத்திக் கத்தி ஏத்தி விட்டது நான். எங்க மூச்சு விடணும், எங்க கொரலு ஒடையணும், எல்லாம் என்ற பாடம். அவன் பேசறப்ப கண்ண மூடிட்டுக் கேட்டீங்கன்னா நான் பேசறது தெரியும்.

அந்த வருசம் இதே நாடகம்தானுங்க. மகன் கொலை பண்ணீருவான், பெத்த அப்பன் ஜமீன்தாரு அவனுக்குத் தீர்ப்பு சொல்லணும். நல்ல கதை. நாளைக்குப் பாருங்க, அழுவீங்க. மில்லுக்குப் பொன்விழான்னு இப்ப மறுக்கா தூசி தட்டி எடுத்திருக்கறாங்க.

கிராண்ட் ரிஹர்சல் அன்னைக்குக் காலையில, குப்புராசு மகளுக்குத் தாராபுரத்துல பிரசவ வலி வந்துருச்சுன்னு தகவல். மொதப் பிரசவம். தாயில்லாத புள்ள. அவன் போய்த்தான ஆவணும்? நான்தான் பஸ்ஸு ஏத்தி விட்டன். படியில ஒரு காலு, கீழ ஒரு காலு வெச்சுட்டு என்ற கையப் புடிச்சுக்கிட்டான். "அர்த்தநாரி, இந்த வருசம் ஜமீன்தாரு நீதான்டா. இத்தன வருசம் நீ ஓரமா நின்னது போதும்." கண்ணுல தண்ணி. அவனாச் சொன்னதுங்க. நான் கேக்கவே இல்ல. கண்டக்டர் விசில் அடிச்சும் கைய விடல.

அவன் சொன்னத அப்பிடியே தர்மலிங்கம் சார்கிட்ட வந்து சொன்னன். அவரு என்னைய மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. அப்பறம், "சரி, கிராண்ட் ரிஹர்சல்ல ஆள் நிக்கோணுமே, போட்டுக்கோ"ன்னாரு.

மேலங்கி முட்டிக்குக் கீழ தொங்குச்சு, குண்டூசி போட்டு மடிச்சம். தலப்பா காதுல எறங்குச்சு, உள்ள பஞ்சு வெச்சம். மில்லுல பஞ்சுக்கா பஞ்சம்? மீசை ஒட்டுனாங்க. கண்ணாடியில பாத்தன் தம்பி. எங்கப்பனே நேர்ல வந்திருந்தாலும் கும்புட்டிருப்பாரு.

நடிச்சன். நான் சொல்லப்படாது, இருந்தாலும் சொல்றன், ஒரு வரி மறக்கல, ஒரு எடத்துல நிக்கல. மத்தவங்கதான் நின்னாங்க. மகன் வேசக்காரன் "தந்தையே"ன்னு சொல்லீட்டு ஒரு மூச்சு நின்னான். நான், "என்னை மன்னிக்க வேண்டாம்"னு மெதுவா எடுத்துக் குடுத்தன். திவான் ஒருத்தன் வந்து முழிச்சான், அவனுக்கும் குடுத்தன். அப்ப ஜமீன்தாரிணி வேசத்துக்கு டவுன்ல இருந்து தனபாக்கியம்னு ஒரு அம்மிணி வரும், அனுபவப்பட்ட ஆளு. அது அழறதுக்கு மூக்க உறிஞ்சிச்சு. மறந்துட்டாளாட்ட இருக்குதுன்னு நெனச்சு, அந்தம்மிணி வசனத்தையும் நானே எடுத்துக் குடுத்தன். சிம்மாசனத்துல உக்காந்த வாக்குலயே, மீசைக்குள்ளயே, வெளிய தெரியாம. யாரும் ஒரு நொடி தவிக்கல. நாடகம் ரயிலாட்டப் போச்சுங்க.

முடிஞ்சொடன ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. மலைச்சுப் போயிட்டாங்க. தனபாக்கியம் மட்டும் வளையலக் கழட்டிட்டே, "ஏனுங்ண்ணா, எல்லார்த்து வசனத்தையும் நீங்களே சொல்லீட்டா நாங்கெல்லாம் எதுக்குங்ண்ணா பஸ்ஸேறி வர்றது?"ன்னு கேட்டுச்சு. எத்தன மேடை பாத்த அம்மிணி! அது வாயில இருந்து அப்பிடி ஒரு வார்த்தை. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துருச்சு.

வீட்டுக்குப் போய்ச் சொன்னன். என்ற சம்சாரம் நஞ்சம்மா அடுப்புல இருந்தத எறக்கி வெச்சா. அப்பறம் முந்தானையில கையத் தொடச்சுட்டு நேரா போன் போடற கடைக்குப் போனா. கோபியில அவ அண்ணன், எனக்கு மச்சான், ராக்கியண்ணன்னு பேரு. கண்ணாலமான நாள்ல இருந்து என்னைய ஒரு ஆளா மதிச்சதில்ல. "மாப்ள நாடகத்துல என்ன வேசமுங்க?"ன்னு கேப்பாரு. தட்டி மறைவுல நிக்கறனுங்கன்னா, "அது நாங்களும் நிப்பமே"ம்பாரு. எல்லார்த்து முன்னாலயும். அந்த மச்சான்கிட்டத்தான் நஞ்சம்மா போன்ல சொன்னா: "நாளைக்கு உங்க மாப்ள ஜமீன்தாரு. ரண்டாவது வரிசையில சேர் போட்டு வெக்கறன். எல்லாரும் வாங்க." வேன் புடிச்சு வந்தாங்க தம்பி. கொழந்த குட்டியோட.

ஏனுங்க என்ற வாயையே பாக்கறீங்க? ஒண்ணுமில்ல, உள்ள கடைசிக்கு முந்தின சீன் ஓடுது. உங்க வீட்டம்மா நல்லாத்தான் சொல்லுது. 'குலம்'கறதுல மட்டும் கொஞ்சம் முழுங்குது. 'குலம்'. அப்பிடி அழுத்தோணும். சொல்லி வெய்யுங்க. நான் சொன்னன்னு சொல்ல வேண்டாம்.

எங்க விட்டன்? ஆங், நாடகத்தன்னைக்கு. கட்டிங் பண்ணி, சவரம் பண்ணி, மீசை ஒட்டறதுக்குத் தோதா மூஞ்சிய மழமழன்னு வெச்சுட்டு மேக்கப் ரூமுக்குப் போறன். என்ற சேர்ல ஒருத்தன் உக்காந்திருக்கறான். பாதி மூஞ்சிக்கு ரோஸ் அடிச்சாச்சு. குப்புராசு.

பேத்தி பொறந்துருச்சாமா. தாயும் புள்ளையும் சௌக்கியமாமா. சந்தோசமுங்க. நான் சந்தோசமில்லைன்னு சொல்லல. ஆனா அவனா வரலீங்க. முந்தின நாள் நான் மீசையக் கழட்டறதுக்கு முன்னாலயே தர்மலிங்கம் சார் தாராபுரத்துக்கு மோட்டார் சைக்கிள்ல ஆள் அனுப்பியிருக்கறாரு. அதுக்குக் கையக் கால புடிச்சது யாரு? திவான், மகன், தனபாக்கியம், மொத்தக் கூட்டமும். இது பின்னால தெரிஞ்சுது. எவனெவனுக்கு எடுத்துக் குடுத்தனோ, அவனவன்தான்.

குப்புராசு கண்ண மூடிட்டிருந்தான். கண்ணுக்கு ஒண்ணும் மேக்கப் நடக்கலீங்க, கன்னத்துலதான் நடக்குது. "பஸ்ஸுப் படியில என்னடா சொன்ன?"ன்னு கேட்டன். கண்ணத் தொறக்கல. "சார்கிட்டக் கேளுடா"ன்னான்.

சார்கிட்டக் கேட்டன். "ரூலு என்னங்க சார் ஆச்சு? கிராண்ட் ரிஹர்சல்ல வேசம் போட்டவன் நான்."

"ரூலு போட்டவன் நான்யா"ன்னாரு.

"அதனாலதான் உங்களக் கேக்கறன்"னு சொன்னன்.

அவரு தலையப் புடிச்சுக்கிட்டு, "அர்த்தநாரி, நேத்து மேடையில ஒருத்தன்தான்யா நடிச்சான். மத்தவனெல்லாம் அவன் வாயப் பாத்துட்டு நின்னான்"னாரு.

பாத்தீங்களா? ஒருத்தன இதுக்கு மேல எப்பிடிப் பாராட்டறதுங்க? அந்த வாயாலயே வேசத்தப் புடுங்கறாரு. அப்பறம் தோள்ல கைய வெச்சு, "நீ இல்லீனா எடுத்துக் குடுக்க ஆளில்ல. போய் நில்லு"ன்னாரு. பொறாமை எந்த ரூபத்துல வேண்ணாலும் வரும், ஸ்பின்னிங் மாஸ்டர் ரூபத்துல வரும்னு அன்னைக்குத்தான் கண்டுக்கிட்டன்.

போய் நின்னன். வேற எங்க போறது? வெளிய போனா ரண்டாவது வரிசையத் தாண்டித்தான் போவணும். தட்டி மறைவுல இருந்து எட்டிப் பாத்தா, நஞ்சம்மா பட்டுச்சேலை கட்டி உக்காந்திருக்கறா. பக்கத்துல மச்சான். அவருக்கு அப்பவே கண்ணுல பொரை, எதையும் மூக்குக்கிட்ட கொண்டு வந்தாத்தான் தெரியும்.

படுதா தொறந்துச்சு. குப்புராசு நடந்து வந்தான். சனம் கைதட்டுச்சு. நஞ்சம்மா தட்டல. கைய மடியில வெச்சுக்கிட்டா. அத நான் பாத்தன்.

நாடகம் பூரா நல்லாப் பண்ணுனான். இல்லைன்னு சொன்னா வாய் அழுகீரும். கடைசியில தீர்ப்பு சீன். "தீர்ப்பும் எனதே, மகனும் எனதே, இரண்டையும் நானே சுமப்பேன்." இதுதான் வரி. இதச் சொல்லீட்டாப் படுதா விழுந்துரும். அந்த எடத்துல வந்து நின்னுட்டான். பிரசவ ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சவன், கிராண்ட் ரிஹர்சல் பாக்காதவன், மறக்காம என்ன பண்ணுவான்? அதுக்குத்தான் ரூலு! சனம் மூச்சு விடாம இருக்குது. பயங்கர நடிப்புன்னு நெனச்சுக்கிட்டாங்க. எனக்குத் தெரியுமுங்க அவன் முழிக்கற முழி. மெல்லத் திரும்பி என்னையப் பாத்தான்.

என்ற நெஞ்சுல என்ன இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? நில்லுடா, நல்லா நில்லுன்னுதான் இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னான்னா முடிஞ்சுது அவன் கதை. ஆனா வாயி நெஞ்சக் கேக்கறதில்லைங்களே. அது பாட்டுக்குச் சொல்லீருச்சு. சத்தமாவே சொல்லீருச்சு. அவனும் சொன்னான். படுதா விழுந்துச்சு. மண்டபம் இடிஞ்சு விழற மாதிரி கைதட்டு.

பின்னால வந்து கட்டிப் புடிச்சான். வேர்வையும் ரோஸுமா என்ற சட்டையெல்லாம் ஒட்டுது. "நீ எடுத்துக் குடுக்கலீனா நான் செத்திருப்பன்டா"ன்னான். "நீ செத்திருந்தா நான் வேசம் போட்டிருப்பன்"னு சொல்லீட்டுக் கையத் தள்ளி விட்டன். அதுதான் அவன்கூடக் கடைசியாப் பேசுனது. வருசம் பல ஆச்சு. இன்னும் ஒரே ஷிப்ட்டுதான், பக்கத்துப் பக்கத்து மிசினு. ஏதாவது சொல்லணும்னா நடுவுல ஒரு ஆள் வெச்சுத்தான் சொல்லிக்கறது. ஆளில்லாட்டி மிசினப் பாத்துச் சொல்லுவன்.

இன்னும் கேளுங்க கூத்த. மச்சான் மேடைக்குப் பின்னால வந்தாரு. நேராப் போயி, மேலங்கியும் மீசையுமா நின்ன குப்புராசுவக் கட்டிக்கிட்டாரு. "மாப்ளே! உங்களை இத்தன நாளு சாதாரணமா நெனச்சுட்டனே! கடைசியில அந்தக் கொரலு! கொரல வெச்சுத்தான் நீங்கன்னே எனக்குத் தெரிஞ்சுது!"ங்கறாரு. கண்ணுல பொரை, காது நல்லாக் கேக்கும். குப்புராசு என்னையப் பாக்கறான். நான் நஞ்சம்மாளப் பாக்கறன். நஞ்சம்மா, "போலாம் வாங்கண்ணா, வேன் நிக்குது"ன்னு அவரு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா. இன்னைக்கு வரைக்கும் அவரு கோபியில என்ற நடிப்பப் பத்திப் பேசிட்டுத்தான் இருக்கறாரு. அவ உண்மையச் சொல்லவே இல்ல. என்கிட்ட, அன்னைக்கு ராத்திரி படுக்கறதுக்கு முன்னால, "கொரலு நல்லாக் கேட்டுதுங்க"ன்னா. அவ்வளவுதான்.

அன்னைக்கு முடிவு பண்ணுனன். இனி அந்த வாசப்படி மிதிக்கறதில்ல. மிதிக்கல. இந்த பெஞ்சு வாசப்படிக்கு வெளியதான இருக்குது?

இருங்க.

உள்ள ஏனுங்க சத்தத்தையே காணோம்? படுதா விழல, விழுந்தா விசில் வரும். தீர்ப்பு சீன்தான். மகன் மண்டி போட்டாச்சு. உங்க வீட்டம்மா அழுது முடிச்சாச்சு. இப்ப அவன்தான்... நின்னுட்டான். அதே எடம். அதே எடத்துல நிக்கறான் பாருங்க.

எடுத்துக் குடுக்க மாட்டாங்க. கூடாது. ரூலு. அவனாத் தேடட்டும். வேர்க்கட்டும். எனக்கென்ன.

'தீர்ப்பும்'டா. 'தீர்ப்பும்'னு தொடங்கு.

தம்பி, கொஞ்சம் நவுருங்க, அந்த சன்னலு...

தீர்ப்பும் எனதே! மகனும் எனதே! இரண்டையும் நானே சுமப்பேன்!

உஸ். சொல்லீட்டான். கேட்டீங்களா, 'சுமப்பேன்'ல கொரலு ஒடைஞ்சுது? அது என்ற பாடம். விசிலு. படுதா விழுந்துருச்சு.

"எவன்யா அது வெளிய? அர்த்தநாரியா? யோவ், அந்த வாயில ஒரு மூட்டை பஞ்ச வெச்சு அடைச்சாத்தான்யா இந்த மில்லுல ஒரு கிராண்ட் ரிஹர்சல் உருப்படியா நடக்கும்!"

தர்மலிங்கம் சார்தான். வயசாயும் கொரலு கொறையல. ஏனுங்க தம்பி, நான் உள்ள இருந்தா எடுத்துக் குடுத்தன்? ரூலு உள்ள இருக்கறவங்களுக்கு. நான் வெளியாளு. போர்டுலயே எழுதியிருக்குது.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க சார். டேய், அர்த்தநாரி! வாடா உள்ள!"

கேட்டீங்கல்ல? குப்புராசு. மிசினப் பாத்துச் சொல்லல. பேரச் சொல்லித்தான கூப்புட்டான்? நீங்கதான் சாட்சி, நானாப் போவல.

இந்த டம்ளரக் கொஞ்சம் புடிங்க.

வர்றண்டா, கத்தாத! மீசையப் புடுங்கீராத, அப்பிடியே நில்லு. ஒருக்காப் பாத்துக்கறன்.